படுக்கை போட்ட வேனும் பதிவுச் சான்றும்

பயணிகள் வேனையோ சரக்கு வேனையோ வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, சூரிய மின்தகடு ஆகியவற்றைப் பொருத்தி, மலைக்கும் காட்டோரத்துக்கும் கொண்டுசென்று தங்கும் வண்டியாக மாற்றிக்கொண்டால் அதைக் கேம்பர் வேன் என்கிறார்கள். அவ்வாறு மாற்றிய வண்டியை விற்பது குறித்து வந்த கடிதங்களே இம்மாதம் மிகுதி என்பதால் மற்றக் கேள்விகள் அடுத்த இதழுக்குத் தள்ளப்பட்டுள்ளன.

கேள்வி (கோயம்புத்தூர்): டெம்போ டிராவலர் வேன் ஒன்று 9 லட்சம் ரூபாய் செலவில் கேம்பராக மாற்றப்பட்டது. வேனின் இன்றைய சந்தை விலையோடு அந்த 9 லட்சத்தையும் கூட்டி விலை சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், சொன்ன பிறகு வேன் வாசலிலேயே நிற்கும். வாங்க வருபவர் முதலில் பார்ப்பது எஞ்சின், கியர்பாக்ஸ், ஓடிய கிலோமீட்டர், பதிவுச் சான்றில் மீதமுள்ள ஆண்டுகள் ஆகியவற்றைத்தான். அதற்கடுத்து, கழற்றி வேறு வண்டியில் பொருத்தினாலும் பயன்படக்கூடிய பேட்டரி, இன்வெர்ட்டர், சூரிய மின்தகடு, பன்னிரண்டு வோல்ட் குளிர்பெட்டி ஆகியவற்றுக்கு ரசீது இருந்தால் தேய்மானம் போக ஒரு தொகை தருவார். தச்சு வேலைக்கும் அதற்கான கூலிக்கும் அவர் தருவது அநேகமாக ஒன்றுமில்லை, ஏனெனில் ஒருவருடைய உயரத்துக்கும் சமையல் பழக்கத்துக்கும் ஏற்பச் செய்த அலமாரி இன்னொருவருக்கு இடைஞ்சலாகவே இருக்கக்கூடும். கழற்றிய இருக்கைகளும் சீட் பெல்ட்டுகளும் கொட்டகையில் பத்திரமாக இருக்கின்றனவா என்பதைக் கடிதம் குறிப்பிடவில்லை. இருந்தால் அவற்றின் மதிப்பு தேக்குப் பலகையின் மதிப்பைவிட அதிகம். காரணம் அடுத்த கேள்வியில் வருகிறது.

கேள்வி (மதுரை): பதிவுச் சான்றில் 13 இருக்கை என்று இருக்கிறது, உள்ளே இருப்பவை மூன்றுதான். இதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டுமா?

பதில்: வாங்குபவரிடம் சொல்வது பிறகு, முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை இறுக்கமாகவே உறுதிசெய்தது. அதே ஆண்டு நடந்த சட்டத்திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம்.

சட்டம் கேம்பரையே ஏற்காது என்பதன்று இதன் பொருள். மோட்டார் கேரவன் எனப்படும் நடமாடும் தங்கும் வண்டிக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரக் குறியீடு இந்தியாவில் இருக்கிறது. புனேயிலும் சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் உள்ளவை போன்ற சோதனை நிலையங்களில் ஒப்புதல் பெற்ற வடிவம், பதிவேட்டில் கேம்பர் வேன் என்ற வகையிலேயே ஏறுகிறது. ஆனால் பட்டறையில் செய்த ஒற்றை வேனுக்கு அந்த வழி பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஆகவே பதிவு மாறாத வேனை விற்பவருக்கு நேர்மையான வழி ஒன்றே எஞ்சுகிறது: மரச்சாமான்களை இறக்கி, இருக்கைகளைச் சான்றில் உள்ளபடி மீண்டும் பொருத்தி, வேனை வேனாகவும் சாமான்களைச் சாமான்களாகவும் தனித்தனியே விற்பது. அதற்கு மனம் வராதவர், மாற்றங்கள் அனைத்தையும் எழுத்தில் தெரிவித்துக் கையொப்பம் பெறுவதோடு, காப்பீட்டு நிறுவனத்துக்கு அவை சொல்லப்பட்டனவா என்பதையும் குறிப்பிட வேண்டும். சொல்லாத மாற்றத்தோடு தீப்பிடித்த வண்டிக்கு இழப்பீடு கேட்டால் என்ன பதில் வரும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கேள்வி (சேலம்): மஹிந்திரா பொலிரோ கேம்பர் விற்பனைக்கு உள்ளது. கேம்பர் வேன் தேடுபவர்களிடம் நல்ல விலை கிடைக்குமா?

பதில்: அது இரட்டை வரிசை இருக்கையுள்ள பிக்கப். பெயரில் கேம்பர் இருப்பதால் உள்ளே படுக்கை முளைத்துவிடாது.

கேள்வி (சென்னை): வாங்குபவர் நேராக ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குச் செல்லவிருப்பதால், பயணம் முடிந்து வந்து பெயர் மாற்றிக்கொள்வதாகச் சொல்கிறார். படிவம் 29, 30 இரண்டிலும் கையொப்பம் மட்டும் போட்டு, மற்ற இடங்களை வெறுமையாக விட்டுத் தரும்படி தரகரும் கேட்கிறார். முழுப் பணமும் வந்துவிட்டது. கொடுக்கலாமா?

பதில்: கூடாது. இந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் தரகர் மறுநாளே வந்து மனத்தை மாற்றிவிடுவார் என்பதால் காரணங்களையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

படிவம் 29 என்பது விற்றவர் அலுவலகத்துக்குத் தரும் அறிவிப்பு. படிவம் 30 என்பது உரிமை மாற்றத்துக்கான விண்ணப்பம். வாங்குபவர் பெயரும் தேதியும் இல்லாமல் கையொப்பம் மட்டும் இட்ட இப்படிவங்களைத் தரகர் உலகம் ஓபன் ஃபார்ம் என்கிறது. அதன் பயன் தரகருக்கே உரியது: தம் பெயரில் ஒருமுறை மாற்றும் செலவில்லாமல், வண்டியை இரண்டு மூன்று கை மாற்றி, கடைசியில் வந்தவர் பெயரை அந்த வெற்றிடத்தில் எழுதிக்கொள்ளலாம். இடைப்பட்ட மாதங்களில் வண்டி யாருடையது என்று சட்டத்தைக் கேட்டால், அது தயக்கமின்றிக் கையொப்பமிட்டவரையே கைகாட்டும். ஏனெனில் மோட்டார் வாகனச் சட்டத்தில் உரிமையாளர் என்பவர் எவர் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர்தான், பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டவர் அல்லர்.

2007-இல் விற்கப்பட்டு அடுத்தடுத்துப் பல கை மாறிய ஒரு கார் 2009-இல் விபத்தில் சிக்கியபோது, பெயர் மாற்றப்படாமலே இருந்ததால் முதல் உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. கைக்குக் கை துரத்திக்கொண்டு போய் உண்மையான உரிமையாளரைத் தேடும் வேலையை விபத்தில் அடிபட்டவர் தலையில் சுமத்த முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். மறுக்க முடியாத நியாயம் அது. இத்தீர்ப்புக்குப் பிறகும் படித்தவர்கள், வங்கியில் காசோலையின் ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்ப்பவர்கள், வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டுவிட்டுக் காப்பி குடித்து வழியனுப்பி வைக்கிறார்கள் என்பது வியப்பாகவே இருக்கிறது.

கேம்பர் வேனில் இந்த ஆபத்து கூடுதல். சாதாரணக் காரை வாங்கியவர் அதை ஊருக்குள் ஓட்டுவார். கேம்பரை வாங்கியவரோ சாவி கைக்கு வந்த வாரமே பழக்கமில்லாத மலைப்பாதையில், பழக்கமில்லாத நீளமும் எடையும் உள்ள வண்டியை ஓட்டிச் செல்கிறார். கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் இருசக்கர வண்டிக்கு ஏதேனும் நேர்ந்தாலும், காப்புக்காட்டில் அனுமதியின்றி வண்டியை நிறுத்தி அடுப்பு மூட்டினாலும், அழைப்பாணை சென்னை முகவரிக்குத்தான் வரும். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், வாங்கியவர் 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் 50-ஆவது பிரிவு சொல்வது இதற்காகத்தான். ஸ்பிட்டி எங்கும் ஓடிவிடாது. பெயர் மாறிய பிறகு சாவியைக் கொடுக்கலாம். அதுவரை காத்திருக்க மாட்டேன் என்பவர் வேறு வண்டி பார்த்துக்கொள்ளட்டும். தரகர் மூலமே விற்க வேண்டுமென்றால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்தானா என்று கேட்டு, படிவம் 29சி வாயிலாக ஒப்படைப்பைப் பதிவுசெய்ய வேண்டும். அதன் பிறகு வண்டிக்கான பொறுப்பு அவரைச் சேரும். அந்தப் படிவத்தின் பெயரைக் கேட்டதும் பேச்சை மாற்றும் தரகரிடமிருந்து விலகிவிடுவது நல்லது.

கேள்வி (ஓசூர்): வேனை வார இறுதிகளில் தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டு வருமானம் வந்தது. அந்தக் கணக்கைக் காட்டினால் விலை கூடுமா? வேன் ஓன் போர்டுதான்.

பதில்: வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு விட்ட கணக்குக்குப் பெயர் வருமானக் கணக்கன்று, ஒப்புதல் வாக்குமூலம். அந்த நோட்டை வெளியே எடுக்காமலிருப்பது நலம்.

கேள்வி (திருச்சி): லித்தியம் பேட்டரி நான்கு ஆண்டு பழையது. மீட்டர் வைத்து 13.2 வோல்ட் காட்டியும் வாங்க வந்தவர் நம்பவில்லை.

பதில்: நம்பாதவர் விவரம் தெரிந்தவர். கேம்பர்களில் பெரும்பாலும் பயன்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில், மின்னிருப்பு பெருமளவு குறையும் வரை வோல்ட் அளவு ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கும். ஆகவே வோல்ட்டைக் காட்டுவது எதையும் மெய்ப்பிக்காது. பேட்டரியை முழுதாக நிரப்பி, அளவு தெரிந்த ஒரு சுமையைத் தொடர்ந்து ஓட்டி, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று காட்டுவதே முறை. 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரி 2,560 வாட்-மணி தரவேண்டும்; 250 வாட் சுமையை இன்வெர்ட்டர் இழப்பு போக ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் தாங்கினால் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறது, ஆறு மணி நேரத்தில் அடங்கிவிட்டால் விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வாங்குபவர் குளிர்காலத்தில் லடாக் செல்பவராக இருந்தால், வெப்பநிலை சுழிக்குக் கீழே இறங்கிய நிலையில் இவ்வகைப் பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி (நாகர்கோவில்): மழைக்காலத்துக்குப் பிறகு வேனுக்குள் ஒரு பூஞ்சை வாடை. கதவைத் திறந்ததும் வந்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். வேன் விலைபோகாதோ என்று கவலையாக இருக்கிறது.

பதில்: கவலை வேண்டாம், வாடையின் மூலம் கிடைத்துவிட்டால் இது பெரும்பாலும் சிறிய செலவிலேயே தீர்ந்துவிடும். நறுமணத் தெளிப்பான் மட்டும் கூடாது, அது எதையோ மறைக்கிறார் என்ற ஐயத்தையே கிளப்பும். முதலில் கூரைக் காற்றாடியைச் சுற்றியுள்ள பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல பிளைவுட் விறைப்பாக நிற்கும், நீர் குடித்த பிளைவுட் மெத்தென்று உள்ளே போகும், மேலே ஒட்டிய தாளில் மெல்லிய கொப்புளம் தெரியும். அங்குள்ள திருகாணிகளின் தலையைச் சுற்றித் தேயிலைக் கறை போன்ற வளையம் இருந்தால் நீர் வெகுநாளாக இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படியானால் கூரையின் மேல் பழைய சிலிக்கோனை முற்றிலும் சுரண்டி எடுத்துவிட்டுப் பாலியூரிதேன் அடைப்புப் பசையை இட வேண்டும்; சிலிக்கோன் எச்சத்தின் மேல் வேறெந்தப் பசையும் சரியாக ஒட்டாது என்பதால் மேலுக்கு மேல் பூசுவது வீண் வேலை. கூரை நன்றாக இருந்தால் குற்றவாளி மெத்தைதான். குளிர்ந்த மலையூரில் சாளரங்களை மூடித் தூங்கும்போது மூச்சுக் காற்றின் ஈரம் மெத்தையின் அடியில் உள்ள பலகையில் நீராகப் படிகிறது. மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டு, பலகையில் துளைகள் இட்டால் வாடை போய்விடும்.

கேள்வி (தஞ்சாவூர்): வேனில் உள்ள 14.2 கிலோ சிலிண்டரையும் சேர்த்தே விற்கலாமா? வாங்குபவர் ஆசைப்படுகிறார்.

பதில்: வீட்டு இணைப்புக்கான சிவப்புச் சிலிண்டர் வேனுக்குள் எப்படி வந்தது என்பதே முதல் கேள்வி. அது விற்பனைப் பொருளன்று. வீட்டின் பெயரில் உள்ள இணைப்பு. அதை இன்றே இறக்கிவிட்டு, வெளிச்சந்தையில் விற்கப்படும் 5 கிலோ சிலிண்டரை வைத்துக்கொள்ளலாம். அதுவும் படுக்கைக்கு அடியில் கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் இருக்கும் பெட்டி வேனின் உட்புறத்திலிருந்து முற்றாக மூடப்பட்டு, அடியில் வெளிப்புறமாகத் துளை உள்ளதாக இருக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத வேனை வாங்குபவருக்குக் காட்டும்போது அடுப்பைப் பற்றவைத்துப் பெருமை கொள்வது வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): இத்தனை ஆண்டு விபத்தில்லாமல் ஓட்டியதற்கான காப்பீட்டுச் சலுகை வேனோடு போய்விடுமா?

பதில்: போகாது. நோ கிளெய்ம் போனஸ் எனப்படும் அச்சலுகை ஆளுக்கு உரியது, வண்டிக்கு உரியதன்று. காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான கடிதத்தைப் பெற்றுக்கொண்டால் மூன்றாண்டுக்குள் வாங்கும் அடுத்த வண்டிக்குப் பயன்படும்.

கேள்வி (வேலூர்): ஃபாஸ்டேகை என்ன செய்வது?

பதில்: வங்கியில் சொல்லி மூடிவிட வேண்டும். அடுத்தவர் கோவா போய் வந்த சுங்கக் கட்டணம் தம் கணக்கில் கழிந்த பிறகு இக்கேள்வியைக் கேட்பவர்கள் பலர்.

கேள்வி (திருநெல்வேலி): பேசி முடித்த 11 லட்சத்தில் 4 லட்சத்தை ரொக்கமாகத் தருவதாகச் சொல்கிறார்கள். வேனில் உள்ள பாத்திரம், கம்பளி, கூடாரம் எல்லாவற்றையும் விட்டுச் செல்லும்படியும் கேட்கிறார்கள்.

பதில்: ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகைக்கு நிகரான தொகையை வருமான வரித்துறை அபராதமாகக் கேட்கலாம், அபராதம் பெறுபவருக்கே அன்றிக் கொடுப்பவருக்கு அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். எனவே முழுத் தொகையும் வங்கி வழியாகவே வரட்டும். கம்பளியும் கூடாரமும் விருப்பம்போல் கொடுக்கலாம் அல்லது எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி, இரண்டாவது சாவி, சூரிய மின்தகட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் கையேடு ஆகியவை வேனோடு செல்ல வேண்டியவை. விட்டுச் செல்லும் பொருள்களைப் பட்டியலிட்டு, ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதி, இரு பிரதிகளில் இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும்.