புல்லட் ஃபோர்க்கில் புது பார்ட் போடும்போது

பழைய புல்லட்டின் முன் ஃபோர்க்குக்குச் சாமான் வாங்கப் போனால் கடையில் தவறாமல் காதில் விழுவது இது: “எல்லா மாடலுக்கும் ஒண்ணுதான் சார், அப்படியே உட்காரும்.” பெரும்பாலும் உட்காராது. 1955-இல் மெட்ராஸில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா புல்லட்டின் தோற்றத்தைப் பல பத்தாண்டுகள் பெரிதாக மாற்றவில்லை. வெளியே அதே வண்டிதான். உள்ளே மரையும் அளவும் அப்படியே இருக்கவில்லை.

என்னுடையது எழுபதுகளில் திருவொற்றியூர் ஆலையில் இருந்து வந்த 350. பார்ட் வாங்க ஜி.பி. ரோடு போனாலும் புதுப்பேட்டை போனாலும் பழைய நட்டு, போல்ட்டு, சீல் மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போவேன். கூடவே ஒரு வெர்னியர். புது போல்ட்டில் பழைய நட்டைக் கையால் சுழற்றினால் கடைசிவரை போக வேண்டும். பாதியில் ஸ்பேனர் கேட்டால் அது வேறு மரை. பழைய பிரிட்டிஷ் சைக்கிள் மரை அங்குலத்துக்கு 26 பல் கொண்டது. அதில் மெட்ரிக் போல்ட்டை முறுக்கினால் கொஞ்ச தூரம் போய் இறுகும். அதையே ‘நல்லா டைட்டாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிற பட்டறைகள் உண்டு.

எதை மாற்ற வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. முன்பக்கம் ‘டக் டக்’ என்றாலே ஃபோர்க் புஷ்தான் என்று பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி வைத்து, ஃபோர்க் கால்களின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொருவர் ஃபிரேம் கழுத்தும் கீழ் டி-யும் சேரும் இடுக்கில் விரலை வைக்கட்டும். அந்த இடுக்கு திறந்து மூடினால் கோன் செட். கழுத்து அசையாமல் கீழ்க்குழாய் மட்டும் ஆடினால் புஷ். கோன் செட்டைப் பிரிப்பதானால் கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துவிடுங்கள். மேலே 19, கீழே 19 கால் அங்குல குண்டுகள் தனித்தனியாக உதிரும். மாற்றினால் அத்தனையையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஃபோர்க்கைப் பிரித்ததும் வடியும் பழைய ஆயிலுக்குக் கருவாட்டு நாற்றம். கெரசினில் கழுவித் துடைத்தபின் மெயின் ட்யூபை ஒரு தடித்த கண்ணாடிப் பலகைமேல் உருட்டிப் பாருங்கள். வளைந்திருந்தால் உருளும்போது அடியில் வெளிச்சக் கீற்று தெரிந்து தெரிந்து மறையும். லேசான வளைவை பிரஸ்ஸில் நிமிர்த்தலாம். மடிப்பு விழுந்த ட்யூபைத் தொட வேண்டாம். பிறகு சீல் ஓடும் பகுதியை நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டுகிற குழி ஒன்று இருந்தாலும் புது சீலின் உதட்டை அது அறுத்துவிடும். அந்த ட்யூபைத் திரும்பப் போடுவதானால் ஹார்டு குரோம் போட்டு, அளவுக்கு கிரைண்டிங் செய்து வாங்க வேண்டும். பளபளப்புக்காகப் போடும் குரோம் இங்கே உதவாது.

புது ட்யூப் வாங்கினாலும் பழையதன் தேயாத மேல்பகுதியையும் புதியதையும் வெர்னியரில் பிடித்து ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். புது புஷ்ஷை ஆயில் தடவி ட்யூபில் போட்டால் தன் எடையிலேயே மெதுவாக இறங்க வேண்டும். நின்றாலும் கோளாறு, தொப்பென்று விழுந்தாலும் கோளாறு. ஸ்பிரிங்குகளை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். டி-யை பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்திருந்தால் ட்யூப் நுழையும் துளைகளில் ஏறிய பெயிண்டைச் சுரண்டிவிடுங்கள். அதோடு சுத்தியலால் அடித்து ஏற்றினால், ஹெட்லைட்டும் மீட்டரும் உட்கார்ந்திருக்கும் அலுமினிய வார்ப்பு விரிசல் விடும். அது விலை அதிகம்.

ஆயில் சீலின் உட்பக்கம் சின்ன ஸ்பிரிங் வளையம் தெரியும் முகம் கீழே, ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். ட்யூபின் கூரிய விளிம்பில் பாலிதீன் தாளைச் சுற்றி, ஆயில் தடவிய சீலை அதன்மேல் நழுவ விடுங்கள். ஹவுசிங்கில் சீலை இறக்க, சரியான விட்டமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். ஸ்க்ரூ டிரைவரால் சுற்றிச் சுற்றித் தட்டுவதை நான் அனுமதிப்பதில்லை.

என் அனுபவத்தில் மெக்கானிக்குகள் அதிகம் கவனிக்காதது மட்கார்டு. புல்லட்டில் மட்கார்டு ஸ்டே இரண்டு கீழ்க்குழாய்களையும் இணைக்கிறது. லோக்கல் மட்கார்டின் ஸ்டே கொஞ்சம் அகலமாகவோ குறுகலாகவோ வந்தால் கால்களை இழுத்துப் பிடித்து போல்ட்டு போட்டுவிடுவார்கள். அப்புறம் புது புஷ், புது சீல், புது ஆயில் எல்லாம் இருந்தும் ஃபோர்க் கட்டைபோல நிற்கும். சீலும் ஒரு பக்கமாகத் தேயும். ஆகவே மட்கார்டு இல்லாமல் ஒருமுறை ஃபோர்க்கை அமுக்கிப் பாருங்கள். பிறகு ஸ்டேயைக் கையால் வைத்துப் பார்க்கும்போது துளைகள் தானாக நேருக்கு நேர் வர வேண்டும். வராவிட்டால் வளைக்க வேண்டியது ஸ்டேயை, அல்லது இடையில் வாஷர் கொடுக்க வேண்டும்.

ஆயில் எவ்வளவு என்பதை உங்கள் மாடலின் மேனுவல் சொல்லும். இரண்டு கால்களுக்கும் அளவு ஜாடியில் ஊற்றிச் சமமாகக் கொடுங்கள். இறுக்கும்போதும் வரிசை உண்டு. கீழ் டி-யின் போல்ட்டுகளும் ஆக்ஸிலைப் பிடிக்கும் கேப்புகளும் லூசாக இருக்கட்டும். வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை நாலைந்து முறை நன்றாக அமுக்குங்கள். கால்கள் தமக்கான இடத்தை எடுத்துக்கொண்ட பிறகே எல்லாவற்றையும் இறுக்க வேண்டும்.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு சீலுக்கு மேலே ட்யூபில் மெல்லிய ஆயில் பூச்சு தெரிந்தால் பயப்பட வேண்டாம். சொட்டாகத் திரண்டு கீழே வழிந்தால் உடனே பிரிக்க வேண்டும். அந்தச் சொட்டு போகிற வழியில் இருப்பது முன் பிரேக் டிரம். பழைய சாமான்களை வண்டி ஒரு மழைக்காலம் ஓடித் தீரும்வரை நான் யாருக்கும் கொடுப்பதில்லை, காயலான் கடைக்காரர் கேட்டாலும்.