கண்ணில் பாய்ந்ததைப் பிடுங்கலாகாது

பெட்டி உடைப்பதும், ஆணி பிடுங்குவதும், கட்டிய இரும்புப் பட்டையை அறுப்பதும் நமது கடைகளில் அன்றாட வேலைகள். அவ்வேளையில் மரச் சிராயோ கம்பியோ தெறித்துக் கண்ணோரத்தில் பாய்ந்தால் செய்யத் தக்கது யாது, தகாதது யாது என்பதை முதலாளியும் சிப்பந்தியும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

கண் அமர்ந்திருக்கும் குழியின் மேல்தட்டு எலும்பு மிக மெல்லியது. அதற்கு மேலே இருப்பது மூளை. ஆகவே இமையில் தெரியும் துளை சிறிதாயிருப்பதால் காயமும் சிறிது என்று எண்ணலாகாது. 1559-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி பாரிஸ் நகரில், குதிரை மீதிருந்து ஈட்டிப் போட்டி ஆடிய பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றியின் வலக்கண் பக்கம் முறிந்த ஈட்டியின் சிராய்கள் பாய்ந்தன. பேர்பெற்ற வைத்தியர்களான பாரேயும் வெசாலியஸும் கவனித்தும் ஜூலை 10-ந் தேதி அவர் மாண்டார்.

மற்றொரு செய்தி நம் போன்ற தொழிற்கூடத்தைச் சேர்ந்தது. 1812-ல், குதிரைச் சேணம் தைக்கும் தகப்பனாரின் பட்டறையில் விளையாடிய மூன்று வயது லூயி பிரெயிலின் ஒரு கண்ணில் குத்தூசி பாய்ந்தது. கேடு மறு கண்ணுக்கும் பரவி, சில ஆண்டுகளில் பிள்ளை முழுக் குருடானது. குருடர் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்தைப் பிற்காலத்தில் அமைத்தவர் அவரே.

ஆகவே நாம் மனத்திற் கொள்ள வேண்டியவை இவை:

குத்தியிருக்கும் பொருளைப் பிடுங்கலாகாது; அதுவே இரத்தத்தை அடைத்து நிற்கக் கூடும். கண்ணை அழுத்தவோ, கசக்கவோ, கழுவவோ, மருந்து விடவோ கூடாது. காகிதக் கோப்பையொன்றைக் கண்ணில் படாதபடி கவிழ்த்து, விளிம்பு எலும்பின் மேல் தங்குமாறு ஒட்டுக. மூக்கைச் சிந்த விடலாகாது. அறுவை தேவைப்படலாமாதலால் உணவும் நீரும் கொடுக்க வேண்டாம். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 எண்ணுக்கு உடனே தொலைபேசி செய்க.

பாய்ந்தது மரமா இரும்பா என்பதை டாக்டரிடம் தவறாமல் சொல்க. மரச் சிராய் எக்ஸ்ரே படத்தில் தெரியாமற் போவதுண்டு. இரும்புத் துண்டு உள்ளிருக்கக் காந்தப் படம் எடுத்தால் அது நகர்ந்து கேடு செய்யும். இரணஜன்னி ஊசியைப் பற்றியும் கேட்டறிக.

கூர்மையான கருவிகளைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்போமாக. பெட்டி உடைப்பவர் அணியக் காப்புக் கண்ணாடி ஒன்று சில வெள்ளிக்குக் கிடைக்கும். கணக்குப் புத்தகத்தைப் போல அதுவும் கடையில் என்றும் இருக்கட்டும்.