வரம், கொடை, தாலந்து: பீட்டர் பெர்சிவலின் திருச்சபைத் தமிழ்ப்பணி

ஆய்வுச் சுருக்கம்

தனிமனிதர் தாம் பெற்ற ஆற்றலைத் திருச்சபையின் பணிக்கு அளித்தல் கிறித்தவத்தின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. தமிழ்க் கிறித்தவம் இக்கருத்தை வரம், கொடை, தாலந்து என்னும் மூன்று சொற்களால் வழங்கி வருகிறது. ஏற்காட்டில் மறைந்த பீட்டர் பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியை இச்சொற்களின் துணையோடு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒருவர் அளிக்கும் ஆற்றலைச் சபை ஏற்க மறுக்குமிடத்து அப்பணியை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே ஆய்வு வினா.

திறவுச்சொற்கள்: வரம், அருள்கொடை, தாலந்து, பெர்சிவல், ஆறுமுக நாவலர், விவிலிய மொழிபெயர்ப்பு, ஏற்காடு

முன்னுரை

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலைமேல் அமைந்த ஏற்காடு, காப்பித் தோட்டங்களாலும் கோடை வாழிடமாகவும் அறியப்பட்ட ஊர். தமிழக ஆய்வு வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டறிந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் (1834–1912) இவ்வூரில் வாழ்ந்தவர். அவர் நினைவுச்சின்னம் இங்குள்ள தூய திரித்துவ ஆலயத்தில் உள்ளது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் (1803–1882). யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் நெடுங்காலம் தமிழ்ப்பணியாற்றிய பெர்சிவல், 1882இல் ஏற்காட்டில் மறைந்தார். ஆறுமுக நாவலர் வரலாற்றின் ஓரத்தில் மட்டுமே பெரும்பாலும் நினைக்கப்படும் இவர், சபைப்பணி என்னும் நோக்கில் தனியே ஆராயத்தக்கவர்.

மூன்று சொற்கள்

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பன்னிரண்டாம் அதிகாரமும், உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் பன்னிரண்டாம் அதிகாரமும் இக்கருத்தின் மூலங்கள். அங்கு ஆளப்படும் கிரேக்கச் சொல் ‘கரிஸ்மா’. அருள் எனப் பொருள்படும் ‘கரிஸ்’ என்பதிலிருந்து பிறந்தது. புராட்டஸ்டண்டு சபைகளின் பழைய திருப்புதல் இதனை ‘வரம்’ என்கிறது. பிற்காலப் பொது மொழிபெயர்ப்பு ‘அருள்கொடை’ என்கிறது.

இவ்விரு சொற்களும் ஒருபொருளன அல்ல. தமிழ்ப் புராண மரபில் வரம் என்பது தவத்தால் பெறுவது. பெற்றவன் தன் விருப்பம் முடிக்கப் பயன்படுவது. பவுல் கூறுவதோ தகுதி நோக்காது அருளப்படுவது, பொதுநன்மைக்கு உரியது. எனவே ‘வரம்’ என்னும் சொல் கிறித்தவ வழக்கில் நுழைந்தபோது தன் பழைய பொருளின் ஒரு பகுதியை இழந்தது. ‘கொடை’ என்பது கொடுப்போனை முன்னிறுத்துகிறது. ‘தாலந்து’ மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகார உவமையில் வரும் பண எடையின் பெயர். ஒப்படைக்கப்பட்ட பணத்திற்கு ஊழியர் கணக்குக் கொடுக்கவேண்டும் என்பது அவ்வுவமையின் கருத்து. ஆகவே பெறுதல், கொடுத்தல், கணக்குக் கொடுத்தல் என்னும் மூன்று நிலைகளை இச்சொற்கள் சுட்டுவதாகக் கொள்ளலாம்.

பெர்சிவலின் அளிப்பு

வெஸ்லியன் திருச்சங்கத்தின் ஊழியராக யாழ்ப்பாணத்திற்கு வந்த பெர்சிவல், அச்சங்கத்தின் ஆங்கிலப் பாடசாலையை நடத்தினார். அங்குப் பயின்று பின்னர் ஆசிரியராகவும் அமர்ந்தவர் ஆறுமுக நாவலர் (1822–1879). விவிலியத்தைப் புதிதாகத் தமிழாக்கும் பொறுப்பு பெர்சிவலிடம் வந்தபோது நாவலர் அவருக்குத் துணைநின்றார். மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுசென்று மழவை மகாலிங்கையரிடம் காட்டி ஒப்புதல் பெற்றனர் என நாவலர் வரலாற்று நூல்கள் கூறும். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது.

பெர்சிவலின் ஆற்றல் மொழியறிவு. அதைத் தனக்கெனச் சேர்த்துவைக்காது சபையின் வழிபாட்டிற்கு அடிப்படையான நூலின்மேல் செலவிட்டார். புலவர் ஒப்புக்கொள்ளும் தமிழில் விவிலியம் அமைய வேண்டும் என்பது அவர் கொள்கை.

சபையின் மறுப்பு

தமிழகச் சபைகள் அதனை ஏற்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபெப்ரீசியஸ் செய்த மொழிபெயர்ப்பு அவர்கள் செவியிலும் மனப்பாடத்திலும் ஊறியிருந்தது. புதிய நடை உயர்ந்தோர் நடையாக, அயலாகத் தோன்றியது. பின்னர் ஹென்றி பவர் தலைமையில் குழு அமைந்து, 1871இல் ஐக்கிய மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

இம்மறுப்பை அறியாமை எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. கொரிந்தியர் திருமுகத்தின் பதினான்காம் அதிகாரம், கேட்போருக்கு விளங்காத பேச்சு எத்துணைச் சிறந்த வரமாயினும் சபையைக் கட்டியெழுப்பாது என்னும் அளவுகோலை வைக்கிறது. பழைய திருப்புதல் இதனைப் ‘பக்திவிருத்தி’ என்னும் சொல்லால் குறிக்கும். இவ்வளவுகோலின்படி ஆற்றலின் சிறப்பு மட்டும் போதாது. பெறுவோர் நிலையும் கணக்கில் வரும். எனினும் மறுபக்கமும் உண்டு. பழக்கம் ஒன்றையே விளக்கமாகக் கொள்ளும் சபை, தன் மொழியைப் புதுப்பிக்கும் கொடையைத் தவறவிடக் கூடும்.

புறத்திருந்து வந்த கொடை

நாவலரின் பங்கு இவ்வாய்வில் ஒரு சிக்கலை எழுப்புகிறது. பவுலின் உடல் உருவகத்தில் ஆற்றல்கள் சபை உறுப்பினருக்கு உரியன. சைவராகிய நாவலரோ சபையின் உறுப்பினர் அல்லர். ஆயினும் சபையின் நூலுக்குத் தம் தமிழை அளித்தார். அதே ஆற்றலைக் கொண்டு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854இல் சைவ தூஷண பரிகாரத்தை வெளியிட்டு, விவிலியப் பயிற்சியையே கிறித்தவக் கண்டனத்திற்கு விடையாக்கினார். ஓர் ஆற்றல் ஒரு சமூகத்தின் பணியில் கூர்மை பெற்று மற்றொன்றின் பணிக்குச் சென்றதை இது காட்டுகிறது. ஆற்றலின் மேல் எச்சமூகத்திற்கும் முழு உரிமை இல்லை என்பது பெறப்படும்.

மறுக்கப்பட்டதன் எச்சம்

ஃபெப்ரீசியஸ் இறைவனைப் ‘பராபரன்’ என்றார். பெர்சிவல் ‘தேவன்’ என்றார். ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்பதையே ஏற்றது. பெர்சிவலின் நூலை விலக்கிய சபைகள், அவர் ஆண்ட தலைமைச் சொல்லைத் தம் வழிபாட்டின் மையச் சொல்லாக்கிக் கொண்டன. நூலாக மறுக்கப்பட்டது, சொல்லாக நிலைபெற்றது.

பெர்சிவலின் ஆற்றல் சபையின் எல்லையையும் கடந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். ‘தினவர்த்தமானி’ இதழை நடத்தினார். 1874இல் ஆறாயிரத்திற்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில ஆக்கத்துடன் பதிப்பித்தார். தினவர்த்தமானியின் ஆசிரியப் பணிக்கு அவர் அழைத்த சி.வை. தாமோதரம்பிள்ளை, பின்னாளில் கலித்தொகையை (1887) அச்சேற்றினார். புலவர் தமிழை நாடியமைக்காக மறுப்பைப் பெற்றவர், பொதுமக்கள் வாய்மொழியைத் தொகுத்து நிலைபெறச் செய்தார் என்பது எண்ணத்தக்கது.

முடிவுரை

1. வரம், கொடை, தாலந்து ஆகிய சொற்கள் சபைப்பணியின் வெவ்வேறு நிலைகளைச் சுட்டுவன. இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு பணியை மதிப்பிடல் குறையுடையது.

2. வரம் என்னும் நோக்கில் பெர்சிவல் ஆற்றல் மிக்கவர். கொடை என்னும் நோக்கில் அவருடைய மொழிபெயர்ப்பு ஏற்பாரைப் பெறவில்லை. தாலந்து என்னும் நோக்கிலோ அது புதைக்கப்படவில்லை. பிறர் கைமாறிப் பெருகியது.

3. கொடுப்போன் தன் ஆற்றலை அளிக்கலாம். அது எவ்வடிவில் பயன்பட வேண்டும் என்பதைச் சபையும் காலமும் முடிவு செய்கின்றன. பெர்சிவல் மறைவதற்கு 11 ஆண்டுகள் முன்னரே ஐக்கிய மொழிபெயர்ப்பு வெளிவந்துவிட்டது. தம் நூல் வழக்கிழந்ததையும் தம் சொல் வழக்கில் நின்றதையும் அவர் வாழ்நாளே கண்டது. சபைப்பணியில் தனிமனிதர் பங்கை ஆராய்வோர் வெற்றி பெற்ற நூல்களோடு, இவ்வாறு கரைந்து பயன்பட்ட நூல்களையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.