ஓடையில் யார் குடியிருக்கிறார்கள்?

அன்புள்ள மலர்விழிக்கு,

ஊருக்கு மேலே ஓடையில் பிடித்த தண்ணீர் சோதனைப் பாட்டிலில் நிறம் மாறவில்லை, ஊரைத் தாண்டிப் பிடித்தது மறுநாளே கறுத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். கூடவே ஒரு கேள்வி: “அப்படியானால் மேலே பாக்டீரியாவே இல்லையா?”

இல்லாமல் என்ன, ஏராளமாக உண்டு. ஓடைக் கல்லை மிதித்தால் வழுக்குகிறதே, அந்த வழவழப்பு பாக்டீரியாவும் பாசியும் சேர்ந்து கட்டிய வீடு. தண்ணீரில் விழும் இலையை மக்கவைப்பதிலும் அவற்றுக்குப் பங்குண்டு.

உன் பாட்டில் தேடியது வேறு ஆட்களை. குவாலியர் விஞ்ஞானிகள் 1982-ல் வெளியிட்ட சோதனை அது. மனிதர், ஆடுமாடுகளின் குடலில் வாழும் பல பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடும். பாட்டிலுக்குள் வைத்த தாளில் ஊறியிருக்கும் இரும்பு உப்போடு அது சேர்ந்தால் கறுப்பு. (குடலுக்குச் சம்பந்தமில்லாத சிலவும் இதே வேலையைச் செய்யும். ஒரு பாட்டிலை வைத்து ஊரைத் தூற்றிவிடாதே.)

குடல்வாசிகளோடு சாப்பாட்டையும் சேர்த்தே அனுப்புகிறது ஊர். வடித்த கஞ்சி, பாத்திரம் கழுவிய நீர், கழிவறைக் கழிவு எல்லாம் அதில் அடக்கம். இவற்றைத் தின்று பெருகும் பாக்டீரியா நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். சாக்கடை கலக்கும் இடத்தில் கல்லைப் பிடித்துக்கொண்டு சாம்பல் நிறப் பஞ்சு ஆடுகிறதா பார். பூஞ்சை என்பார்கள், பெரும்பாலும் அது ஸ்பீரோட்டிலஸ் என்ற பாக்டீரியா.

குடல் பாக்டீரியாவுக்கு ஓடை வாசம் ஒத்துவராது. வெயில் கொல்லும், பசி வாட்டும், ஒருசெல் உயிரிகள் விழுங்கும். அடிச்சேற்றில் பதுங்கியவை மட்டும் கூடுதல் நாள் தாங்கி, வெள்ளம் சேற்றைக் கலக்கும்போது மறுபடி மேலே வரும். ஊர் பெருத்துவிட்டால் தண்ணீர் தேற அவகாசமே இல்லை. யமுனையின் நீளம் 1,376 கி.மீ.; அதன் மாசில் பெரும்பங்கு சேர்வது தில்லியில் வஜீராபாத் முதல் ஓக்லா வரையுள்ள 22 கி.மீ.க்குள்.

அதே தில்லியில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வுதான் கவலைக்குரியது. தெருவில் தேங்கியும் ஓடியும் கிடந்த நீர் மாதிரிகள் 171-ல் 51-லும், குழாய் நீர் மாதிரிகள் 50-ல் 2-லும் என்.டி.எம்.-1 மரபணு இருந்தது. மற்ற மருந்து கேட்காதபோது மருத்துவர்கள் கையிலெடுக்கும் கார்பாபெனம் மருந்துகளையே முறிக்கும் நொதி இந்த மரபணுவால் உண்டாகிறது. போதாததற்கு, ஒரு பாக்டீரியா இதை வேறு இன பாக்டீரியாவுக்கும் கைமாற்றிக் கொடுத்துவிடும்.

ஐப்பசி மழை கொட்டிய மறுநாள், பெரியவர் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு, அதே இரண்டு இடங்களில் மறுபடி எடு. ஊருக்குக் கீழே இரண்டு மைல் தள்ளியும் ஒரு பாட்டில் பிடி. எது எத்தனை மணி நேரத்தில் கறுத்தது என்று குறித்து எழுது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதே.

அன்புடன்,
மாமா