காலுறையும் பூட்ஸும்: பாதக் கொப்புளம் தோன்றும் முறையும் தடுக்கும் வழியும்

தேசிய மாணவர் படையின் முகாம்களிலும், வனத்துறை, நில அளவை, புவியியல் ஆய்வு முதலிய துறைகளின் வெளிப்பணிகளிலும், புதிய பூட்ஸ் அணிந்து நெடுந்தூரம் நடப்பவர்களுள் சிலர் இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ நொண்டத் தொடங்குவது வழக்கம். குதிகாலின் பின்புறத்திலோ, முன்பாதத்தின் அடியிலோ, சுண்டுவிரலின் பக்கத்திலோ நீர் கோத்த கொப்புளம் எழுந்திருக்கும். "கால் காய்த்துப் போனால் தானே சரியாகிவிடும்" என்று கூறி இதனை ஒதுக்கிவிடுவது பெரும்பாலோர் இயல்பு. ஆனால் கொப்புளம் கிழிந்து கிருமிகள் புகுந்தால் தோலின் அடித் திசுக்களிலும் அழற்சி பரவும்; பல நாட்கள் பூட்ஸ் அணிய இயலாது போகும். நீரிழிவினால் பாத உணர்ச்சி குன்றிய ஊழியர் ஒருவர் வலியறியாமல் நடந்து, எளிதில் ஆறாத புண்ணையும் தேடிக்கொள்ளக் கூடும். இத்துன்பத்தின் பெரும்பகுதியைத் தவிர்ப்பது காலுறை, அதாவது மேஜோடு, பற்றிய சிறிதளவு அறிவினால் இயலும். அவ்வறிவு கொப்புளம் எவ்வாறு உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கொப்புளம் உண்டாகும் இடம்

பூட்ஸின் கடினமான தோல் பாதத்தை மேலிருந்து தேய்த்துத் தேய்த்துக் கொப்புளத்தை உண்டாக்குகிறது என்பது பொதுவான எண்ணம். அவ்வாறு மேற்பரப்புத் தேய்வதால் உண்டாவது சிராய்ப்பு, கொப்புளம் அன்று. இவ்வேறுபாட்டை வகுப்பறையில் எளிதாகக் காட்டலாம். வலக்கைச் சுட்டுவிரலின் நுனியை இடக்கையின் புறங்கை மீது அழுத்தி வைத்து, வழுக்காதபடி முன்னும் பின்னும் அசைக்கச் செய்க. விரல் தோலின் மேல் நழுவவில்லை. தோலே விரலுடன் சென்று திரும்புகிறது. உள்ளிருக்கும் எலும்பு மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. எனவே, விரலுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று இழுபடுகின்றன. இயற்பியலில் இது சறுக்குப் பெயர்ச்சி எனப்படும்.

பூட்ஸுக்குள்ளும் இதுவே நிகழ்கிறது. ஒவ்வோர் அடியிலும் காலுறை தோலைப் பற்றிக்கொள்ள, எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பின், மேற்றோலின் நடு அடுக்கிலுள்ள உயிரணுக்கள் பிரிந்து கிழிகின்றன. அப்பிளவில் கீழிருந்து நிணநீர் கசிந்து நிரம்புகிறது. மேலே உள்ள தடித்த தோல் கிழியாமல் கூரைபோல் நிற்பதனால்தான் கொப்புளம் உருவாகிறது. உள்ளங்கை, உள்ளங்கால், குதிகால் ஆகியவற்றில் தோல் தடித்தும் அடித்திசுவோடு இறுகப் பிணைந்தும் இருப்பதால், கொப்புளம் அவ்விடங்களையே நாடுகிறது. தோல் மெல்லியதாயும் தளர்ந்தும் உள்ள இடங்களை உராய்ந்தால் பெரும்பாலும் சிராய்ப்பே மிஞ்சும். அமெரிக்க இராணுவ மருத்துவ ஆராய்ச்சியில் ஈடுபட்ட சல்ஸ்பெர்கரும் அவருடைய துணைவர்களும் 1966-இல் வெளியிட்ட சோதனைகள் இதனைத் தெளிவாக்கின.

அழுத்தம், அசைவு, உராய்வு ஆகிய மூன்றும் கூடினாலன்றிக் கொப்புளம் தோன்றாது. சுமையை ஓரளவு குறைக்கலாம். நடையை நிறுத்த முடியாது. மாற்றத்தக்கது உராய்வே. இங்கு ஈரம் முக்கிய இடம் பெறுகிறது. இங்கிலாந்தில் நெய்லர் என்பவர் 1955-இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, உலர்ந்த தோலில் உராய்வு குறைவு. சிறிது நனைந்த தோலில் அது உயர்கிறது. மிகுதியாக நனைந்தால் மீண்டும் குறைகிறது. பூட்ஸுக்குள் வியர்த்த பாதம் பெரும்பாலும் இவற்றுள் நடுநிலையிலேயே, அதாவது மிகவும் கேடான நிலையிலேயே, இருக்கிறது. ஆகவே காலை முழுவதும் நனைத்துக்கொண்டு நடக்கலாமே என்று எண்ணுதல் தவறு. நீரில் ஊறி வெளுத்த தோல் வலுவிழந்து எளிதில் கிழியும் என்பதை மழைக்காலத்தில் ஓடைகளைக் கடந்து நடப்போர் நன்கறிவர்.

நூலின் தன்மை

காலுறை செய்ய வேண்டிய வேலை இரண்டு. தோலருகே ஈரம் தங்காமல் அதனை வெளியே கடத்துதல் ஒன்று. உள்ளே நிகழும் இழுபாட்டைத் தோல் ஏற்காமல் துணி ஏற்கச் செய்தல் மற்றொன்று.

20 பாகை செல்சியஸ் வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில், உலர்ந்த நிலையில் 100 கிராம் எடையுள்ள கம்பளி ஏறக்குறைய 16 கிராம் நீராவியை ஏற்கும். பருத்தி ஏறக்குறைய 8 கிராமும், நைலான் 4 கிராமும் ஏற்கும். பாலியெஸ்டர் அரைக் கிராமுக்கும் குறைவாகவே ஏற்கும். இவ்வெண்களை மட்டும் நோக்கின் கம்பளி சிறந்தது, பருத்தி அடுத்தது, பாலியெஸ்டர் பயனற்றது என்று தோன்றும். நடைமுறை அவ்வாறன்று. நனைந்த பருத்தி துவண்டு தட்டையாகி, நீரைத் தன்னுள் தேக்கிக்கொண்டு, தோலோடு ஒட்டுகிறது. உலர நெடுநேரம் ஆகிறது. கம்பளி இழைகள் இயற்கையிலேயே சுருண்டவை. ஆதலின் ஈரம் ஏறிய பின்னும் உப்பலை இழப்பதில்லை. பாலியெஸ்டர் இழை தான் நீரை உறிஞ்சாவிடினும், இழைகளின் இடுக்குகள் வழியே நுண்குழாய் ஏற்றத்தால் நீரை வெளி அடுக்குக்குக் கடத்தக்கூடியது. நம் நாட்டின் வெப்பத்திற்குப் பருத்தியே உகந்தது என்ற கருத்து சட்டையைப் பொறுத்தவரை சரி. மூடிய பூட்ஸுக்குள் அது பொருந்தாது.

ஆசிரியர்கள் இதற்கொரு சோதனை செய்து காட்டலாம். பழைய பருத்தி, கம்பளி, பாலியெஸ்டர் காலுறைகளிலிருந்து ஒரே அகலமுள்ள துண்டுகளை வெட்டி, அவற்றின் கீழ்நுனி மட்டும் மை கலந்த நீரில் தோயுமாறு தொங்கவிட்டு, கால் மணி நேரத்தில் நீர் எவ்வளவு உயரம் ஏறியது என அளக்க. பின்பு மூன்றையும் முழுவதும் நனைத்துப் பிழிந்து காற்றில் தொங்கவிட்டு, எது முதலில் உலர்கிறது எனக் குறிக்க. பின்னலின் நெருக்கத்தாலும், ஆலையில் துணிக்குத் தரப்பட்ட மெருகாலும் முடிவுகள் வேறுபடும். வேறுபடின் அதற்குரிய காரணத்தை மாணவர்களே ஆராயட்டும்.

இரண்டு காலுறைகள்

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு காலுறைகளை அணிந்தால் கொப்புளம் வராது என்பது படைவீரரிடையே நெடுங்காலமாக வழங்கும் கருத்து. இரண்டு துணிகளுக்கிடையே சறுக்கல் நிகழ்ந்தால் தோலுக்குள் இழுபாடு குறையும் என்பது இதன் அடிப்படை. கருத்து சரியே, ஆயினும் எந்த இரண்டு காலுறைகள் என்பதில்தான் பயன் அடங்கியுள்ளது.

அமெரிக்க மரீன் படையில் புதிதாகச் சேர்ந்த 357 பேரைப் 12 வாரப் பயிற்சிக் காலம் முழுவதும் கவனித்து, 1996-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஒரு குழுவினர் வழக்கமான இராணுவக் காலுறையை மட்டும் அணிந்தனர். இரண்டாம் குழுவினர் அதற்கு உள்ளே மெல்லிய பாலியெஸ்டர் காலுறை ஒன்றை அணிந்தனர். மூன்றாம் குழுவினர் அதே மெல்லிய காலுறையின் மேல், கம்பளியும் பாலிபுரோப்பிலீனும் கலந்து நெருக்கமாகப் பின்னிய மிகத் தடித்த காலுறையை அணிந்தனர். முதல் குழுவில் பத்தில் ஏறக்குறைய எழுவருக்குக் கொப்புளம் கண்டது. இரண்டாம் குழுவில் அத்தொகை சிறிதும் குறையவில்லை. மூன்றாம் குழுவிலோ பத்தில் நால்வராகக் குறைந்தது. ஆனால் கொப்புளத்தின் பொருட்டு மருத்துவரிடம் சென்றோர் தொகை, முதல் குழுவைவிட மற்ற இரு குழுக்களிலும் ஏறக்குறைய பாதி அல்லது அதற்கும் குறைவு. உள்ளே மெல்லிய காலுறை அணிவது கொப்புளத்தின் கடுமையைத் தணிக்கிறது. எண்ணிக்கையையும் குறைக்க வேண்டுமாயின் வெளிக்காலுறை தடிப்பாகவும் நெருக்கமாகவும் இருத்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும். ஒரே வகைப் பருத்திக் காலுறை இரண்டை அணிவது ஈரத்தை இரட்டிப்பாகத் தேக்குவதேயன்றி வேறில்லை.

உள்ளே அணிவது பாதத்தோடு படிந்து, சுருக்கமின்றி இருக்க வேண்டும். விரல் நுனியில் தையல் மேடு தடித்திருப்பின், உட்புறம் வெளியே வருமாறு திருப்பி அணிவது நன்று. விரல் நுனியைத் தையல் மேடின்றிப் பின்னி இணைக்கும் முறைக்கு ஆங்கிலேயர் கிச்சனர் தையல் என்று பெயரிட்டுள்ளனர். 1902 முதல் 1909 வரை இந்தியாவில் தலைமைப் படைத்தளபதியாயிருந்த கிச்சனர் பிரபுவின் பெயரே அது. அவருக்கும் பின்னலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பலவாறு கதை கூறுவர். குதிகாலில் கிழிந்ததை நூலால் தைத்து ஒட்டுப்போட்ட காலுறையை நெடுநடைக்குக் கொள்ளலாகாது. அந்த முடிச்சே அழுத்தப் புள்ளியாகும்.

அளவு எடுத்தல்

தடித்த காலுறையின் பயனை அறிந்த சிலர், முன்பே மெல்லிய காலுறையோடு அளவெடுத்துப் பெற்ற பூட்ஸுக்குள் இரண்டு காலுறைகளைத் திணிக்கின்றனர். இதனினும் பெரிய தவறு இல்லை. அழுத்தம் கூடுகிறது, இடைவெளி இன்மையால் துணிகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கவும் இயலுவதில்லை. மாணவர் படையில் பூட்ஸ் வழங்கும் நாளில், பள்ளிக்கு அணிந்துவந்த மெல்லிய காலுறையோடு அளவு பார்ப்பதால் நேரும் கேடு முகாமில்தான் தெரியவரும். பூட்ஸும் காலுறையும் ஒரே கருவியின் இரு பகுதிகள். முகாமில் அணியப்போகும் காலுறைகளோடுதான் அளவு பார்க்க வேண்டும். பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். சுமையோடு நிற்கையில் நீளும். ஆதலின் மாலை வேளையில், நின்ற நிலையில், பெரிய பாதத்திற்கு அளவெடுத்தல் முறை. கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பாதத்தை முன்னே தள்ளினால் குதிகாலின் பின் ஒரு விரல் நுழைய வேண்டும். கயிற்றைக் கட்டியபின் குதிகால் மேலெழும்பலாகாது.

இமயத்தின் உயர்ந்த பகுதிகளில் பணியாற்றுவோர்க்கு இஃது உயிர்நிலையான செய்தி. லடாக்கின் குளிரிலும், 1984 முதல் படைகள் நிலைகொண்டுள்ள சியாச்சினிலும், இறுகிய பூட்ஸ் இரத்த ஓட்டத்தைத் தடுத்துப் பனிக்கடியை விரைவுபடுத்தும். வெப்பத்தைக் காப்பது துணியிடை அடைபட்ட காற்று. திணித்த துணியில் அக்காற்றுக்கு இடமில்லை. பூட்ஸுக்குள் விரல்களைத் தாராளமாக மடக்கி நீட்ட இயலவில்லையெனில், ஒரு காலுறையைக் கழற்றிவிடுவதே நன்று.

நடையின் போது

ரஷ்ய இராணுவம் நெடுங்காலம் காலுறைக்குப் பதிலாகத் துணிப்பட்டையைப் பாதத்தில் சுற்றும் வழக்கத்தைக் கொண்டிருந்து, 2013-இல்தான் அதனைக் கைவிட்டது. பட்டை நனைந்தால் உலர்ந்த முனை பாதத்தில் படுமாறு மாற்றிச் சுற்றலாம் என்பது அதன் சிறப்பு. காலுறைக்கு அவ்வசதி இல்லை. ஆகவே மாற்று இணை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, நண்பகல் நிறுத்தத்தில் மாற்றிவிட வேண்டும். நனைந்ததைச் சுமையின் மேல் விரித்துக் கட்டினால் நடக்கும்போதே காயும். கம்பளியை வெந்நீரில் துவைத்தால் சுருங்கும். குளிர்ந்த நீரே போதும்.

வியர்வையை அடக்கும் மருந்தைப் பாதத்தில் பூசும் முறையும் சோதிக்கப்பட்டுள்ளது. அமெரிக்க இராணுவக் கல்லூரி மாணவரிடம் செய்த ஆய்வொன்றில் (1998), அலுமினியக் குளோரைடுக் கரைசலைப் பல இரவுகள் பூசியவர்களுள் 21 கிலோமீட்டர் நடைக்குப் பின் கொப்புளம் கண்டோர் 21 விழுக்காடு. பூசாதவர்களுள் 48 விழுக்காடு. ஆனால் பூசியவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர்க்குத் தோல் எரிச்சல் உண்டாயிற்று. முகாம்களுக்கு இதனைப் பரிந்துரைப்பது பொருத்தமாகத் தோன்றவில்லை.

எல்லாவற்றினும் பயன் தருவது முதல் அரைமணி நடைக்குப் பின் ஒரு கட்டாய நிறுத்தம். கொப்புளத்திற்கு முன் அவ்விடம் சூடேறி எரியும். அப்போதே காலுறையின் சுருக்கத்தை நீக்கி, சுருக்கமின்றி ஒட்டுப்பட்டை இட்டால் பெரும்பாலும் தப்பலாம். மாணவர்கள் வரிசையை நிறுத்தும்படி கேட்க நாணுவர். ஆசிரியரே நிறுத்தி, ஒவ்வொருவரையும் பூட்ஸைக் கழற்றச் சொல்ல வேண்டும்.

கொப்புளம் தோன்றிவிட்டால், சிறியதாயும் வலியற்றதாயும் இருப்பதை மூடிவைத்தல் போதும். பெரியதாகி வலித்தால், கையையும் அவ்விடத்தையும் சோப்பிட்டுக் கழுவி, தூய்மை செய்த ஊசியால் ஓரத்தில் துளையிட்டு நீரை வடித்து, மேல்தோலை அப்படியே படியவிட்டுக் கட்ட வேண்டும். முதல் நாளிலேயே இவ்வாறு வடித்து, கூரைத் தோலை நீக்காமல் விட்ட கொப்புளங்கள் நன்கு ஆறின என்பது 1968-இல் வெளியான சோதனையின் முடிவு. ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தினுள் விட்டுவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்நூல் கிருமிகளுக்கு வழியாகும். நீரிழிவு உள்ளவர்க்கு ஊசியிடாமல் மருத்துவரிடம் அனுப்புக. சிவப்பு பரவுதல், சீழ், காய்ச்சல் ஆகியவை காணின் எவராயினும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஆறிய பின் அதே பூட்ஸை மீண்டும் அணியுமுன், உள்ளே கையை விட்டுத் தடவி, அவ்விடத்தில் ஆணி முனையோ, தையல் மடிப்போ, கழன்ற உள்ளட்டையின் விளிம்போ உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.