பரிசுப் பட்டியல் ஜூனில் தொடங்கட்டும்

ஏற்காட்டில் ஆண்டு விழா என்றதும் எல்லோரும் கவலைப்படுவது பந்தலுக்கும் மைக் செட்டுக்கும். இரண்டும் எப்படியோ 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடும். கடைசிவரை தயாராகாமல் கிடப்பது பரிசுப் பட்டியல். விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆசிரியர் அறையில் மதிப்பெண் பதிவேட்டைப் பிரித்துவைத்து, வகுப்புக்கு மூன்று பெயர் என்று எழுதி முடித்துவிடுவார்கள். மேடையில் அந்தப் பெயர்கள் மளமளவென்று வாசிக்கப்படும்போது, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு நாகலூரிலிருந்தும் மாரமங்கலத்திலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள், “எதுக்குப் பிரைஸு குடுக்கறாங்களாம்?” என்று பக்கத்தில் கேட்டுக்கொள்வார்கள். சொல்ல அந்தப் பட்டியலில் பதில் இருக்காது. பரிசளிப்பு விழாவின் வேலை முழுக்க அந்தப் பதிலைத் தயாரிப்பதுதான்.

மலையில் இருக்கும் நூறாண்டு கடந்த விடுதிப் பள்ளிகளுக்கு, 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்றவற்றுக்கு, விழா நடத்துவதில் நீண்ட பழக்கம் உண்டு. நான் எழுதுவது ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் அரசு உயர்நிலைப் பள்ளிகளையும், பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளையும் மனதில் வைத்து.

முதலில் தேதி. நவம்பர் தொடங்கி பிப்ரவரி முற்பாதி வரை காப்பிப் பழம் பறிப்பு, மார்ச்சில் பொதுத்தேர்வு. இடையில் கிடைப்பது பிப்ரவரியின் பிற்பாதி மட்டுமே. சனிக்கிழமை, காலை 10 மணி. கீழே சமவெளியில் நடத்துவதுபோல மாலை விழா இங்கே வேண்டவே வேண்டாம். இருட்டினால் பனி இறங்கும், ஊர்ப் பேருந்து போய்விடும், பிள்ளைகள் நடக்கிற தடத்தில் காட்டெருமை நிற்கும். பகல் ஒரு மணிக்குச் சாப்பாடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

இனி பட்டியல். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே ஆசிரியர் அறையில் ஒரு 200 பக்க நோட்டை ஆணியில் மாட்டிவிடுங்கள், பேனாவைக் கயிற்றில் கட்டி. யார் எதைக் கண்ணால் பார்த்தாலும் தேதி போட்டு ஒரு வரி. அவ்வளவுதான். செயலி, கூகுள் படிவம் என்றெல்லாம் தொடங்கினால் ஜூலையில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். நோட்டு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை சமையல் அம்மாவிடமும், விடுதிக் காவலரிடமும், துப்புரவுப் பணியாளரிடமும் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரிலேயே எழுதுங்கள். வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வாத்தியார் முன்னால் வாயே திறக்காத பிள்ளை சமையலறை வாசலில் என்னவெல்லாம் பேசும் என்று சமையல் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

ஜனவரியில் நோட்டைப் பிரித்ததும் வருவதுதான் கடினமான கட்டம். ஒவ்வொரு பரிசுக்கும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஏறக்குறைய எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். “படிப்பிலும் ஒழுக்கத்திலும் சிறந்து விளங்கியமைக்காக” என்று எழுதிவிடுவார்கள். இந்த வரியைப் பள்ளியில் எந்தப் பிள்ளைக்கும் பொருத்தலாம். எவருக்கும் பொருந்துகிற வரியைக் கேட்டு எந்தத் தாய்க்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. வாக்கியத்தில் அந்தப் பிள்ளை செய்த ஒரு காரியம் இருக்க வேண்டும். எப்போது, எங்கே என்பது இருக்க வேண்டும். சும்மா சொல்வதைவிட எழுதிக் காட்டுகிறேன்:

“ஜூன் மாதம் பின்னக் கணக்கில் தடுமாறிக்கொண்டிருந்தார், ஜனவரியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் அதையே சொல்லிக்கொடுத்தார்.”

“பள்ளித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடிகளை ஏற்றிக் கட்டினார், காலாண்டு விடுமுறையிலும் வந்து பார்த்துக்கொண்டார்.”

“விடுதிக்குப் புதிதாக வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டு நினைவில் அழுத இரவுகளில் கதை சொல்லித் தூங்கவைத்தார்.”

மூன்றிலும் ‘சிறந்த’ என்ற சொல்லே இல்லை. தேவையும் இல்லை. ‘சிறந்த’, ‘அயராத’, ‘முன்மாதிரி’ ஆகிய மூன்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அடித்த பிறகு வாக்கியத்தில் மிச்சம் ஒன்றுமில்லை என்றால், அந்தப் பிள்ளையைப் பற்றி உங்களுக்கு இன்னும் தெரியவில்லை என்று பொருள். நோட்டுக்குத் திரும்பிப் போங்கள், வகுப்பாசிரியரைக் கேளுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. பாராட்டுகிறோம் என்ற நல்லெண்ணத்தில் வீட்டுத் துன்பத்தை மைக்கில் சொல்வது. “தந்தையை இழந்து, கூலி வேலை செய்யும் தாயின் உழைப்பில்” என்று ஒரு பள்ளி மேடையில் வாசித்தபோது அந்தப் பெண் தலையைக் குனிந்தவள் பரிசு வாங்கி இறங்கும்வரை நிமிரவில்லை. அவள் வாங்கியது கட்டுரைப் போட்டிக்கான பரிசு. கட்டுரை எதைப் பற்றியது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாமல் போயிற்று. குடும்பம், சாதி, வறுமை, நோய் எதுவும் வாக்கியத்துக்குள் வரக்கூடாது. பிள்ளை செய்தது மட்டும். இதில் விதிவிலக்கே கிடையாது.

எழுதிய வாக்கியத்தை விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். “இதை மேடையில வாசிக்கலாமா?” என்று கேளுங்கள். பறிப்புக் காலத்தில் பள்ளியை விட்டு நின்று, பிறகு திரும்பி வந்தவர்களிடம் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். திரும்பி வந்தது பெரிய காரியம், பரிசுக்கு உரியது. ஆனால் ஊரறியச் சொல்லலாமா என்று முடிவு செய்ய வேண்டியது அந்தப் பிள்ளை. “வேணாம் மிஸ்” என்று சொன்னால், திரும்பி வந்த பிறகு செய்த வேறொன்றை எழுதுங்கள். பல பிள்ளைகள் வாக்கியத்தைத் திருத்தியும் தருவார்கள். “அது நான் மட்டும் செய்யல, அவனும் கூட இருந்தான்” என்பார்கள். அப்படி வருகிற பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணை என்ன செய்வது? தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதை 2017இலேயே அரசு நிறுத்திவிட்டது. பள்ளி மேடையில் மட்டும் அதை ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்? பாடவாரியாக முதலில் வந்தவர்களை ஒரே மூச்சில் அழைத்து முடித்துவிடலாம். காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் இடையில் அதிகம் ஏறியவர்களுக்கு என் பட்டியலில் முன்னிடம். எண்ணைச் சொல்ல வேண்டாம்; எந்தப் பாடம், எப்படிப் படித்தார் என்பது போதும். திறனறித் தேர்வுகளை மறந்துவிடாதீர்கள். எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வில் தேர்வான பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மேல்நிலைப் பள்ளியாக இருந்தால், பதினோராம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் மாநிலம் முழுவதும் தேர்வாகும் 1,500 பேரில் ஒருவர் உங்கள் பிள்ளையாக இருக்கலாம். இவை என்ன தேர்வுகள் என்று பெற்றோருக்குப் புரியும்படி இரண்டு வரி சொல்லிவிட்டுப் பெயரை அழையுங்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பம் கூடும். அரசுப் பள்ளிகளுக்காக 2022இல் தொடங்கிய கலைத் திருவிழாவில் வட்டார அளவில் தேறியவர்களும் இதே வரிசையில் வரட்டும்.

நூறு சதவீத வருகைப் பரிசை நிறுத்திவிடுங்கள் என்பதே என் கருத்து. அடைமழையில் தடம் வழுக்கி வர முடியாமல் போன பிள்ளைக்கும், பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல் வைப்பது நியாயமில்லை. காய்ச்சலோடு பள்ளிக்கு வரவும் அது தூண்டும். அமெரிக்காவில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், முழு வருகைக்கு விருது பெற்றவர்கள் அதன்பிறகு, விருது தரப்படாத ஒப்பீட்டுக் குழுவினரைவிடக் குறைவாகவே பள்ளிக்கு வந்தது தெரிந்தது. வேண்டிய அளவுக்கு மேலேயே வந்துவிட்டோம் என்ற எண்ணத்தை விருது கொடுத்துவிட்டது போலும்.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிள்ளைகள் ஆசையால் செய்வதற்கு முன்கூட்டியே பரிசு அறிவிக்காதீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் மழலையர் பள்ளியில் சோதித்துப் பார்த்தார்கள். படம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று சொல்லி வரையவைத்த குழந்தைகள், பிறகு தாமாகப் படம் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைப் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. நோட்டு தொங்குவது பிள்ளைகளுக்குத் தெரியலாம். ‘மிளகுக் கொடி ஏற்றினால் பரிசு’ என்று மட்டும் காலை வழிபாட்டில் சொல்லிவிடாதீர்கள்.

பெயரில் பிழை வரவே கூடாது. ஒரே வகுப்பில் ஒரே பெயர், ஒரே தலைப்பெழுத்தோடு இரண்டு பிள்ளைகள் இருப்பது மலைப் பள்ளிகளில் சாதாரணம். கல்வித் துறையின் எமிஸ் மாணவர் பட்டியலிலிருந்து பெயரை எடுங்கள். தலைப்பெழுத்தைத் தமிழிலேயே போடுங்கள். பிறகு அந்தத் தாளைப் பிள்ளையின் கையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெயர் இரட்டிப்பாக இருந்தால் ஊர்ப்பெயரைச் சேர்த்து அழையுங்கள். வாசிக்கப்போகும் ஆசிரியர் முந்தின நாள் மைக் இல்லாமல் ஒருமுறை முழுப் பட்டியலையும் உரக்கப் படித்துவிட வேண்டும்.

பரிசுப் பொருள் வாங்க நீண்ட யோசனை வேண்டாம். தங்க முலாம் பூசிய பிளாஸ்டிக் கேடயம் வாங்காதீர்கள், உரிந்துவிடும். புத்தகம் வாங்குங்கள், அதுவும் அந்தப் பிள்ளை நூலகத்தில் எடுத்துப் படித்த வகையாகப் பார்த்து. பருமனான அகராதியை எல்லோருக்கும் ஒன்றாக வாங்கிக் கொடுப்பது வாங்குபவருக்குத்தான் வசதி. புத்தகத்தோடு ஓர் எவர்சில்வர் டம்ளர். சேலத்தில் பாத்திரக் கடைகளில் வாங்கினால் பெயர் வெட்டித் தருவார்கள். சிறு இயந்திரம் டர்ரென்று அதிர, பெயர் புள்ளி புள்ளியாகத் தகட்டில் ஏறும். விளிம்புக்குக் கீழே பிள்ளையின் பெயர், அதன் கீழே ஆண்டு. வீட்டில் தினமும் புழங்குகிற பொருள். தலைப்பெழுத்து தவறாக ஏறினால் அழிக்க முடியாது என்பதால் சரிபார்த்த தாளையே கடைக்காரரிடம் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். சான்றிதழில் அந்த ஒற்றை வாக்கியம் முழுதாக இருக்கட்டும். கையெழுத்து நன்றாக உள்ள ஆசிரியர் கறுப்பு பால்பாயிண்டில் எழுதினால் போதும். மை பேனா இந்த மலை ஈரத்தில் ஊறிப் பரவும்.

விழா நாள். பரிசு முதலில், பேச்சு பிறகு. இதற்குத் தலைமையாசிரியர் உறுதியாக நிற்க வேண்டும். சிறப்பு விருந்தினர் கீழிருந்து வரத் தாமதமானால் காத்திருக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் தொடங்கிவைக்கட்டும். பொன்னாடைகளை மூன்றோடு நிறுத்துங்கள். பரிசு பெறும் பிள்ளைகள் அழைக்கும் வரிசையிலேயே மேடையின் இடப்பக்கம் உட்காரட்டும்; மேசையில் பரிசுகளும் அதே வரிசையில், எண் ஒட்டி. ஓர் ஆசிரியர் எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுக்க, இன்னொருவர் பெயரைச் சரிபார்க்க. வாக்கியத்தை வாசித்து, கைதட்டி, படம் எடுக்க ஒரு பிள்ளைக்கு 40 விநாடி. 45 பிள்ளைகள் என்றால் அரை மணி நேரம். நேரமில்லை என்று வாக்கியத்தை வெட்டச் சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அம்மாவையோ அப்பாவையோ மேடைக்கு அழைப்பது நல்ல வழக்கம், முன்கூட்டியே அவர்களிடம் கேட்டிருந்தால். திடீரென்று மைக்கில் கூப்பிட்டால் கூச்சப்பட்டு எழுந்திருக்க மாட்டார்கள். பிள்ளை மேடையில் தனியாக நின்று திண்டாடும். வர விரும்பாதவர்களை விட்டுவிடுங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கட்டும்.

வராத பிள்ளைகளின் பரிசை யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். திங்கட்கிழமை காலை வழிபாட்டில் அதே வாக்கியத்தை அதே நிதானத்தோடு வாசித்துக் கொடுங்கள். அன்றைக்கும் வரவில்லை என்றால் வகுப்பாசிரியர் வீட்டுக்கே போகட்டும்; ஏன் வரவில்லை என்பதும் தெரிந்துவிடும். வாக்கியங்களின் நகலை வகுப்புவாரியாகக் கோப்பில் போட்டு வையுங்கள். பத்தாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும்போது, ஐந்து ஆண்டில் அந்தப் பிள்ளைக்கு ஒரு வாக்கியமாவது எழுதியிருக்கிறோமா என்று அந்தக் கோப்பில் பார்க்கலாம். பார்க்க வேண்டியது அதற்கும் முன்னால், ஒன்பதாம் வகுப்பு ஜூனில். அதுவரை ஒரு வரிகூட வராத பெயர்களைத் தனித்தாளில் எழுதி, புது நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.