பழுதான வன்தட்டை மாற்றும் முறை

கணிப்பொறியின் வன்தட்டு ஓயாது சுழலும் சாதனம். ஆதலால் அது என்றேனும் பழுதாவது திண்ணம். ஒரு தட்டு கெட்டாலும் தகவல் அழியாதவாறு பல தட்டுகளை ஒரே தொகுதியாக இணைக்கும் முறையை, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் 1988-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் விவரித்தனர். ‘ரெய்டு’ என்ற பெயரும் அவர்கள் இட்டதே.

இதன் தத்துவம் எளியது. மூன்று தட்டுகளில் 7, 4, 9 என்னும் எண்களும், நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 20-ம் இருப்பதாகக் கொள்வோம். இரண்டாவது தட்டு கெட்டால், 20-லிருந்து 7-ஐயும் 9-ஐயும் கழித்து, மறைந்த எண் 4 என அறியலாம். இயந்திரம் மெய்யாகச் செய்வது கூட்டலன்று, ஒற்றை இரட்டைக் கணக்கே. எனினும் வகுப்பில் நான்கு மாணவர் கையில் சீட்டுகளைக் கொடுத்து இதனை நன்கு விளக்கலாம். இரு சீட்டுகள் மறைந்தால் கணக்குத் தீராது என்பதையும் அப்போதே காட்டிவிட வேண்டும். ரெய்டு 5 என்னும் வகை ஒரு தட்டின் இழப்பையே தாங்கும். ரெய்டு 6 இரண்டினைத் தாங்கும்.

ரெய்டு 5 தொகுதியில் ஒரு தட்டு கெட்டபின், பழுது பார்ப்பவர் தவறுதலாக நல்ல தட்டொன்றை உருவிவிட்டால், இழப்பு இரண்டாகித் தொகுதி முழுவதும் நின்றுவிடும். மிகுந்த ஜாக்கிரதை வேண்டிய இடம் இதுவே. அறைகளை எண்ணிப் பார்ப்பது போதாது. சில பெட்டிகளில் எண் 0-லிருந்தும், சிலவற்றில் 1-லிருந்தும் தொடங்கும். தட்டுகளுக்குக் கணிப்பொறி இடும் பெயர்களும் மறுமுறை இயக்கும்போது மாறக்கூடும். தட்டின் மேல் அச்சிட்டுள்ள வரிசை எண் ஒன்றே மாறாதது. கெட்ட தட்டு தன் எண்ணைத் தெரிவிக்காவிடில், நல்ல தட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டால் எஞ்சியது எது என்பது விளங்கும்.

மாற்றுமுன் காப்புப் பிரதி வேறோரிடத்தில் உள்ளதா என்று பார்த்தல் அவசியம். புதிய தட்டின் கொள்ளளவு பழையதைவிடச் சிறிதும் குறையலாகாது. இயக்கத்திலேயே மாற்றும் வசதியில்லாத பெட்டியாயின், மின்சாரத்தை நிறுத்தியே மாற்ற வேண்டும். வசதியிருப்பின், தட்டைச் சற்றே வெளியே இழுத்து, சுழற்சி நின்ற பிறகு எடுக்கலாம். புதியதைப் பொருத்தியபின், ‘தொகுதியைப் புதிதாக உருவாக்கு’ என்ற கட்டளையை ஒருபோதும் தரலாகாது. ‘மீளமைத்தல்’ என்பதே உரியது.

மீளமைப்புக்குப் பல மணி நேரம் ஆகும். பெரிய தட்டாயின் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அவ்வேளையில் மற்றத் தட்டுகள் அனைத்தும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கப்படுவதால், நெடுநாள் மறைந்திருந்த குறை அப்போது வெளிப்படுவதுண்டு. மாதந்தோறும் தொகுதி முழுவதையும் ஒருமுறை படித்துச் சோதிக்கச் செய்வது இதன் பொருட்டே. மீளமைப்பு முடிந்ததும் புதிய வரிசை எண்ணைப் பதிவேட்டில் எழுதி, அதனையே சீட்டாக அறையின் முகப்பில் ஒட்டிவைத்தல் வேண்டும்.